உலகக் கணிதக் கல்வி மாநாடு: ஆசிரியருக்கு இடம் கிடைத்த வரலாறு

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் உலகக் கணிதக் கல்வி மாநாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அங்கே விவாதிக்கப்பட்ட பாடத்திட்டங்களையே பேசுகிறார்கள். இக்கட்டுரை அம்மாநாட்டை நடத்திய முறையைப் பார்க்கிறது. யாரை அழைத்தார்கள், அமர்வுகளை எப்படிப் பிரித்தார்கள், செலவை யார் ஏற்றார்கள் என்ற ஏற்பாடுகளே வகுப்பறை ஆசிரியர் அங்கே வாய் திறப்பதைத் தீர்மானித்தன என்பது என் வாதம்.

1908இல் ரோம் நகரில் கூடிய உலகக் கணிதவியலாளர் மாநாட்டில், அமெரிக்கரான டேவிட் யூஜின் ஸ்மித்தின் யோசனையை ஏற்றுக் கணிதக் கல்விக்கென ஓர் ஆணையம் அமைந்தது. ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதன் தலைவர். ஜெனீவாவின் ஹென்றி ஃபேர் செயலாளர். நாடுதோறும் கணிதம் கற்பிக்கப்படும் முறையைப் பற்றி அறிக்கைகள் திரட்டுவது அதன் முதல் வேலை. அந்த அறிக்கைகளின் வீச்சு இன்றும் வியக்க வைக்கிறது. ஆனால் வேலை பெரும்பாலும் தாளில்தான் நடந்தது; பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடிப் பேச ஏற்பாடு இல்லை. முதல் உலகப் போர் ஆணையத்தை முடக்கியது. 1952இல் உலகக் கணித ஒன்றியத்தின் கீழ் அது மீண்டும் உயிர்பெற்றது. அப்போதும் கல்வி, கணிதவியலாளர் மாநாட்டின் ஒரு மூலைப் பிரிவாகவே இருந்தது.

இந்த நிலையை உடைத்தவர் ஹான்ஸ் ஃபிராய்டென்தால். ஆணையத்தின் தலைவராக இருந்த அந்த டச்சுக் கணிதவியலாளர், கல்விக்கென்றே தனி மாநாடு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1969 ஆகஸ்டில் பிரான்சின் லியோன் நகரில் முதல் மாநாடு கூடியது. 42 நாடுகளிலிருந்து 655 பேர் வந்தார்கள். அழைக்கப்பட்ட அறிஞர்கள் உரையாற்ற, மற்றவர்கள் கேட்டார்கள். கணிதக் கல்வி தனித்த ஓர் அறிவுத்துறையாக வளர்ந்து வருகிறது என்ற தீர்மானமும் அங்கே நிறைவேறியது. ஆனால் அந்தத் துறையை அன்றாடம் நடத்திச் செல்லும் ஆசிரியருக்கு அரங்கத்தில் நாற்காலிதான் கிடைத்தது, ஒலிபெருக்கி கிடைக்கவில்லை.

1972இல் இங்கிலாந்தின் எக்சிட்டரில் நடந்த இரண்டாம் மாநாட்டைத்தான் நான் உண்மையான தொடக்கமாகக் கொள்கிறேன். வந்தவர் எண்ணிக்கை முந்தைய மாநாட்டைப் போல் இரு மடங்குக்கு மேலானது. மேடையில் பெரிய பெயர்களுக்குக் குறைவில்லை: உளவியலாளர் பியாஜே, கணிதவியலாளர்களான போல்யா, ரெனே தாம். பள்ளிகளில் அப்போது பரவியிருந்த ‘நவீன கணிதம்’ என்ற பாடத்திட்டச் சீர்திருத்தத்தையே ரெனே தாம் தம் உரையில் கேள்விக்கு உட்படுத்தினார். அதைவிடப் பெரிய மாற்றம் சிறிய அறைகளில் நடந்தது. பேராளர்களைத் தலைப்புவாரியாகப் பணிக்குழுக்களாகப் பிரித்தார்கள். தொடக்கப் பள்ளிக் கணிதம், ஆசிரியர் பயிற்சி என்று ஒவ்வொரு குழுவும் தன் பொருளைத் தொடர்ந்து விவாதித்தது. ஆயிரம் பேர் அமர்ந்த அரங்கில் எழுந்து பேசத் தயங்குபவர் இருபது பேர் வட்டமாக உட்கார்ந்த அறையில் பேசுவார். அறையின் அளவு இங்கே வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. பின்னாளில் இம்மாநாட்டின் முதுகெலும்பாக ஆன தலைப்பு ஆய்வுக் குழுக்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1976இல் கார்ல்ஸ்ரூவில் கூடிய மாநாடு வேறொரு திசையைத் திறந்தது. கணிதக் கற்றலின் உளவியலை ஆராயும் பன்னாட்டுக் குழு அங்கே பிறந்து, பிறகு தனக்கென ஆண்டு மாநாடு நடத்தத் தொடங்கியது. துறைக்கு இது பெரும் வளர்ச்சி. ஆனால் ஆய்வாளருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான தூரமும் அதோடு வளர்ந்தது என்றே கருதுகிறேன்.

1984இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ‘எல்லோருக்கும் கணிதம்’ ஒரு முதன்மைப் பொருளாயிற்று. அதன் கட்டுரைகளை யுனெஸ்கோ 1986இல் தொகுப்பாக வெளியிட்டது. அதே மாநாட்டில் பிரேசிலின் உபிராட்டன் டி அம்ப்ரோசியோ, மக்கள் தத்தம் பண்பாட்டுக்குள் எண்ணி, அளந்து, கணக்கிடும் முறைகளையும் கணிதமாக மதிக்க வேண்டும் என்று பொது அரங்கில் வாதிட்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் புடாபெஸ்டில், கணிதம், கல்வி, சமூகம் என்ற பொருளுக்காக ஐந்தாம் நாளைச் சிறப்பு நிகழ்ச்சியாக ஒதுக்கினார்கள். ஒரு கருத்துக்குப் பாராட்டுரை வழங்குவது எளிது. மாநாட்டு நிரலில் ஒரு முழு நாளை வழங்குவதற்குத் துணிவு வேண்டும்.

ஏழை நாடுகளைப் பற்றிப் பேசுவது ஒன்று, அந்நாட்டவரை வரவழைப்பது இன்னொன்று. விமானக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் ஒரு பள்ளி ஆசிரியரின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். 1996இல் ஸ்பெயினின் செவில்லில் நடந்த எட்டாவது மாநாடு இதற்கு ஒரு வழி கண்டது. அப்போது ஆணையத்தின் தலைவர் ஸ்பானியரான மிகேல் டி குஸ்மான். எல்லோருடைய பதிவுக் கட்டணத்திலிருந்தும் 10 விழுக்காட்டை எடுத்து, வசதி குறைந்த நாடுகளின் பேராளர்களுக்கு உதவித்தொகையாக வழங்கினார்கள். அது அடுத்தடுத்த மாநாடுகளிலும் தொடர்ந்தது. இம்மாநாட்டின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இதுவே. யாருடைய தயவையும் நாடாமல், கட்டணத்தின் அமைப்புக்குள்ளேயே நீதியைச் சேர்த்த ஏற்பாடு அது.

2016இல் ஹாம்பர்க்கில் 105 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 3,500 பேர் கூடினர். தலைப்பு ஆய்வுக் குழுக்கள் மட்டும் 54. ஆங்கிலமே பொதுமொழியாகிவிட்ட அம்மாநாட்டில், உள்ளூர் ஆசிரியர்களுக்காக ஜெர்மன் மொழியிலும் தனி நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். 2020இல் ஷாங்காயில் கூட வேண்டிய மாநாடு பெருந்தொற்றால் 2021 ஜூலைக்குத் தள்ளிப்போய், நேரிலும் இணையவழியிலுமாக நடந்தது.

தேதி என்னும் தடை இன்னும் இருக்கிறது. இம்மாநாடுகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வருகின்றன. ஐரோப்பாவில் அது கோடை விடுமுறை. தமிழ்நாட்டில் ஜூனில் பள்ளி திறந்து பாடம் சூடுபிடிக்கும் நேரம். உதவித்தொகை கிடைத்தாலும், வகுப்பை விட்டுவிட்டு ஒரு வாரம் வெளிநாடு போக விடுப்புக் கிடைப்பது அரிது. 2010இல் கணிதவியலாளர் மாநாட்டை ஐதராபாத்தில் நடத்திய இந்தியாவில், கணிதக் கல்வி மாநாடு இதுவரை கூடியதில்லை. இருந்தும் 2012இல் சியோலில் இந்தியாவின் கணிதக் கல்வி நிலையைப் பற்றிய நாட்டு அறிமுக அமர்வு நடந்தது. அதற்கு ஆயத்தமாக நாட்டின் பல பகுதிகளில் மண்டல மாநாடுகளைக் கூட்டினார்கள். சியோலுக்குப் போகும் வாய்ப்பே இல்லாத ஆசிரியர்களும் எட்டக்கூடிய தொலைவில் நடந்தவை அவை.