இரு காலங்களும் இடையில் நின்ற மௌனமும்

போர்க்காலத்தையும் நிகழ்காலத்தையும் மாறி மாறிச் சொல்லும் புதினங்களில் பெரும்பாலும் ஒரு மறைபொருள் இருக்கும். முன்னோர் மறைத்ததைப் பின்னோர் தேடிக் கண்டடைவர். இதனைச் சுவைக்காகக் கையாளும் உத்தி என்று மட்டும் நாம் கருதலாகாது. இரு காலங்களுக்கும் இடையே நிலவிய மௌனமும் வரலாறே.

சிங்கப்பூரில் பிறந்த ஜிங்-ஜிங் லீ 2019-இல் வெளியிட்ட 'ஹவ் வீ டிஸ்அப்பியர்ட்' என்னும் ஆங்கிலப் புதினத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு காலம் 1942. வாங் டி என்னும் இளம்பெண்ணை ஜப்பானியப் படையினர் பாலியல் அடிமையாக்குகின்றனர். மற்றொரு காலம் 2000. மரணப் படுக்கையில் பாட்டி கூறியதைக் கேட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் கெவின், தன் குடும்பத்தின் உண்மையைத் தேடுகிறான். இத்தனை ஆண்டு மௌனம் மிகைக் கற்பனையன்று. கொரியாவின் கிம் ஹாக்-சுன் தமக்கு நேர்ந்த இத்தகைய கொடுமையை வெளிப்படையாகக் கூறியது 1991-இல்தான். போர் முடிந்து 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. பழி செய்தவரை விட்டுப் பாதிக்கப்பட்டவரையே சமூகம் தூற்றியமையால் பலர் வாய்திறவாதிருந்தனர்.

நம் சமூகத்திலும் இத்தகைய மௌனம் உண்டு. 1942-43இல் அமைக்கப்பட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா இருப்புப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்தொகையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய பெயர்க்கல் வரிசை இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய புதினங்கள் அவர்தம் துயரைத் தமிழில் பதிவு செய்தன.

ஆயினும் புதினத்திற்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் உணர்தல் வேண்டும். புதினத்தில் உரிய வேளையில் ஒரு கடிதமோ நாட்குறிப்போ கிடைத்துவிடும், முடிச்சும் அவிழும். எழுத்தறிவு மறுக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் பலர் எழுதி வைத்துச் செல்லவில்லை. அவர்கள் விட்டுச் சென்றவை வீட்டாரிடம் சொன்ன சில சொற்களும் சொல்லாமல் விட்ட பலவுமே. போரைக் கண்டவர்கள் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். அவர்தம் பிள்ளைகளும் மூப்படைந்துவிட்டனர். ஆகவே, புதினத்தைப் படித்து முடித்த மாணவர் தம் வீட்டு முதியோரிடம் சென்று கேட்கட்டும். கேட்டதை நாளும் ஊரும் குறித்து எழுதி வைக்கட்டும். அவர்கள் பேச விரும்பாவிடின், அம்மறுப்பையும் மதித்துக் குறித்து வைத்தல் நம் கடமையாகும்.