ஆடிட்டர் வேலையை விட்டு கிராமத்துக்குப் போனவர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எதிர்காலம் என்றாலே நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், மாதச் சம்பளம்தான் நினைவுக்கு வரும். கைநிறையச் சம்பாதிப்பவர் அதை விட்டுவிட்டு ஏழைகளுக்காக உழைக்கப் போனால் "பிழைக்கத் தெரியாதவர்" என்பார்கள். அப்படிப் போன ஒரு தமிழர்தான் ஜே.சி. குமரப்பா.

1892-ல் தஞ்சாவூரில் பிறந்தார். லண்டனில் படித்து ஆடிட்டராகி, பம்பாயில் சொந்தமாகத் தொழில் நடத்தினார். மேல்நாட்டு உடை, வசதியான வாழ்க்கை. 1927-ல் அமெரிக்கா போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று அவர் ஒரு தேவாலயத்தில் பேசியது பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வு செய்யச் சொன்னார். ஆங்கிலேய அரசு எவ்வளவு வரி வாங்கியது, அதை எதற்குச் செலவழித்தது என்று கணக்குப் பார்க்கப் பார்க்க அவருடைய மனமே மாறிவிட்டது.

1929-ல் அந்த ஆய்வை எடுத்துக்கொண்டு சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். காந்தி அதைத் தன் 'யங் இந்தியா'வில் வெளியிட்டதோடு, குஜராத்தின் மாத்தர் வட்டத்துக் கிராமங்களை ஆய்வு செய்யும் பொறுப்பையும் கொடுத்தார். குமரப்பா மாணவர்களோடு ஊர் ஊராகப் போய், விவசாயக் குடும்பங்களின் வரவு, செலவு, கடன் எல்லாவற்றையும் எழுதி வாங்கினார். கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்தவர், ஏழையின் கணக்கைத் தணிக்கை செய்தார்!

1934-ல் பீகாரில் பெரிய பூகம்பம். நிவாரணப் பணத்தின் கணக்கு இவர் கைக்கு வந்தது. தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு மிகச் சிறிய தொகைதான் அனுமதித்தார். காந்தியும் அவருடன் வந்தவர்களும் பீகார் வந்தபோது, அவர்களுடைய செலவையும் நிவாரண நிதியில் எழுத மறுத்துவிட்டார். அது பாதிக்கப்பட்டவர்களின் பணம் அல்லவா!

அதே ஆண்டின் இறுதியில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. வார்தாவில் அதை நடத்திய குமரப்பா, செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு போன்ற தொழில்களை மேம்படுத்தினார். ஏழைக்குத் தானம் போதாது, அவன் உழைப்பின் பலன் அவன் ஊரிலேயே தங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கடைசிக் காலத்தை மதுரை அருகே கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே தேதியில் காலமானார்.

நிலக்கரி, பெட்ரோல் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு என்று குமரப்பா எச்சரித்திருந்தார். அவர் வாழ்நாளிலேயே, 1957-ல், நெய்வேலியில் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். அந்த நிலக்கரியால் ஊர் ஊராக விளக்கு எரிகிறது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களில் இழப்பீடும் வேலையும் கேட்கும் குரல் இன்னும் ஓயவில்லை. 2023-ல் வளையமாதேவியில் கால்வாய்க்காக நெற்பயிர் அழிக்கப்பட்டபோது அந்தக் குரல் தமிழ்நாடு முழுவதும் கேட்டது.

அந்த வீடுகளின் வரவு செலவை உட்கார்ந்து எழுதிப் பார்ப்பதும் ஒரு தொழில்தான். படித்த படிப்பை வீணாக்காமல், அதைக் கொண்டே ஏழைகளுக்கு உழைக்கலாம் என்று குமரப்பா காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.