பழவேற்காட்டுக் கைக்குட்டையும் நம் வீட்டு ப்ளீச்சும்

சென்ற மாதம் நம் குடியிருப்பில் கழிவறை கழுவிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், கண்ணெரிச்சலும் இருமலுமாக வெளியே ஓடிவந்தார். கறை போகவில்லையே என்று ப்ளீச் ஊற்றிய இடத்திலேயே ஆசிட்டையும் ஊற்றியிருக்கிறார். நல்லவேளையாகக் கதவு திறந்திருந்தது. காற்றோட்டமாக உட்காரவைத்ததும் தெளிந்தார். "ரெண்டும் சுத்தம் பண்றதுக்குத்தானே சார்?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல, பழவேற்காட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று பழவேற்காடு என்றால் நமக்கு ஏரியும், பூநாரையும், மீனவர் குப்பங்களும்தான் நினைவுக்கு வரும். 17ஆம் நூற்றாண்டில் அது சோழமண்டலக் கரையின் பெரிய துணித் துறைமுகம். டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, துணிகளைக் கீழை நாடுகளுக்கு அனுப்பி, அங்கிருந்து மிளகும் கிராம்பும் வாங்கினார்கள்.

அக்காலத்தில் துணி வெளுக்கக் கடை மருந்து கிடையாது. நம் ஊரில் உவர்மண், சாணம், வெள்ளாவி, வெயில். இவற்றோடு வண்ணாரின் உழைப்பு. டச்சுக்காரர்களின் சொந்த ஊரான ஹார்லெமில் துணியை மோரில் ஊறவைத்துப் புல்வெளியில் மாதக்கணக்கில் விரித்தார்கள்.

பழவேற்காட்டு வண்ணக் கைக்குட்டை வெளிநாட்டில் எவ்வளவு பிரபலம் என்றால், அந்த வகைத் துணிக்கே 'புலிகேட்' என்று ஊர்ப்பெயர் நிலைத்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நெசவாளர்கள் அதே பெயரில் கைக்குட்டை நெய்து விற்றார்கள்.

அதே கிளாஸ்கோவிலிருந்துதான் ப்ளீச்சிங் பவுடரும் வந்தது. 1774இல் ஸ்வீடனின் ஷீலே குளோரின் வாயுவைக் கண்டார். 1785இல் பிரான்சின் பெர்த்தொலே அது துணியை வெளுக்கும் என்று காட்டினார். ஆனால் அந்த வாயு தொழிலாளியின் மூச்சைத் திணறடித்தது. அதைச் சுண்ணாம்போடு சேர்த்துப் பொடியாக்கும் முறைக்கு 1799இல் கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் காப்புரிமை பெற்றார். மாதக்கணக்கான வேலை சில நாட்களில் முடிந்தது.

இங்கேதான் அந்த அம்மாவின் கேள்விக்கு விடை இருக்கிறது. ப்ளீச் என்பது கட்டிப்போட்ட குளோரின். பொடியில் அதைக் கட்டுவது சுண்ணாம்பு. வீட்டில் வாங்கும் திரவத்தில் காஸ்டிக் சோடா. ஆசிட் ஊற்றினால் அந்தக் கட்டு அவிழ்ந்து வாயு வெளிவருகிறது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் ஜெர்மன் படை ஏவியதும் இதே வாயுதான்.

அதற்காக ப்ளீச்சை வெறுக்கவும் வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமி பழவேற்காட்டுக் குப்பங்களையும் தாக்கியது. அந்த நாட்களில் தமிழகக் கடலோரம் எங்கும் தெருக்களில் தூவியதும், குடிநீரில் கலந்ததும் இந்தப் பொடிதான். குடிநீரில் குளோரின், தடுப்பூசி போன்ற ஏற்பாடுகளால் பயந்தபடி கொள்ளைநோய் பரவவில்லை.

ஆகவே வீட்டில் கவனிக்க வேண்டியவை:

1. ப்ளீச்சோடு தண்ணீரைத் தவிர வேறெதையும் கலக்காதீர்கள். ஆசிட், கழிவறை கிளீனர், வினிகர், எலுமிச்சை எதுவும் கூடாது. அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரும் நச்சு வாயு தரும்.

2. பச்சைத் தண்ணீரில், தேவையான அளவு மட்டும் அன்றன்று கலக்குங்கள். வைத்திருந்தால் வீரியம் குறையும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

3. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், குழந்தை குடித்துவிடும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

4. கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள். வாயு வந்தால் எதையும் துடைக்க நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் 108ஐ அழையுங்கள்.

நம் வீடுகளில் ப்ளீச்சைக் கையாள்பவர்கள் பெரும்பாலும் வேலைக்கு வரும் பெண்கள். பாட்டிலின் ஆங்கில எச்சரிக்கையை அவர்களால் படிக்க முடியாமல் போகலாம். இந்த வாரமே உங்கள் வீட்டு வேலைக்கு வருபவரிடம் முதல் குறிப்பை வாயால் சொல்லிவிடுங்கள். ஆசிட்டையும் ப்ளீச்சையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.