போர்க்காலத்துப் பழப்பாகு

பாணின்மேற் பூசி உண்ணும் பழப்பாகு ஒரு நாட்டின் போர் முயற்சிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது என்றால், நேயர்களுட் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் 1940ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தில் நிகழ்ந்தது அதுவே.

பிரித்தானியா தன் உணவிற் பெரும்பகுதியைக் கடல் கடந்தே பெற்றுவந்தது. 1939 செப்டெம்பரிற் போர் மூண்டதும் ஜேர்மனிய நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை வேட்டையாடத் தொடங்கின. 1940 ஜனவரி 8ஆந் திகதி சீனி பங்கீட்டுக்குள் வந்தது. மரங்களோ போரை அறியா. பிளம்மும் அப்பிளும் வழக்கம்போலப் பழுத்துக் குலுங்கின. பழம் இருந்தது, பாத்திரம் இருந்தது, காய்ச்சத் தெரிந்த கைகளும் இருந்தன; சீனி ஒன்று இல்லாமையால் அத்தனையும் மண்ணில் வீழ்ந்து அழுகும் நிலை.

சீனி இனிப்புக்காக மட்டும் இடப்படுவதன்று. பாகின் நிறையில் நூற்றுக்கு அறுபது பங்கு சீனியானால், நுண்ணுயிர்கள் வளர்வதற்கு வேண்டிய நீர் அவற்றுக்குக் கிட்டாது. பினாட்டை உலர்த்தும் நம் பாட்டிமார் வெயிலைக் கொண்டு செய்வதை ஆங்கிலக் குடியானவப் பெண் சீனியைக் கொண்டு செய்தாள். பழத்திலுள்ள பெக்ரின் என்ற பொருளும் புளிப்புஞ் சேர்ந்து பாகை இறுகச் செய்யும். கொதிக்கும் பாகில் ஒரு துளியைக் குளிர்ந்த பீங்கானில் இட்டு விரலால் தள்ளினால், மேற்படலம் சுருங்க வேண்டும். தாயர் மகளிர்க்குக் கற்பித்த பதம் இதுவே.

சீனிக்காக அரசிடம் வாதாடியோர் கிராம மாதர் சங்கத்தினர். 1897இற் கனடாவின் ஒன்ராறியோவில் தோன்றி, 1915இல் வேல்ஸ் வழியாகப் பிரித்தானியாவை அடைந்த இயக்கம் அது. நமக்கும் அதனோடு உறவுண்டு. கனடாவிற் பிறந்து, இலங்கைத் தமிழர் ஒருவரை மணந்து இங்கேயே பணிபுரிந்த வைத்தியர் மேரி இரத்தினம் அம்மையார், 1930இல் லங்கா மகிளா சமித்தியை நிறுவியது அச்சங்கங்களின் முன்மாதிரியைக் கொண்டே.

அரசு சீனி வழங்க இசைந்தது. கிராம மண்டபங்களிலும் பாடசாலைச் சமையலறைகளிலும் அடுப்புகள் மூண்டன. மின்சாரமோ குழாய்நீரோ எட்டாத ஊர்கள் பல. அங்கே மண்ணெண்ணெய் அடுப்பில், வாளியில் சுமந்த நீரைக் கொண்டே வேலை நடந்தது. சிறுவர் வேலியோரத்து பிளாக்பெரிகளைப் பறித்துவந்தனர். அமெரிக்காவிலிருந்து தகரப்பேணிகளை மூடும் கைப்பொறிகளும் வந்து சேர்ந்தன. மூடிய கலத்தைச் சூடாக்கி உணவைக் காக்கலாம் என்று 1810இல் நூலெழுதி வெளியிட்ட பிரெஞ்சுக்காரர் நிக்கொலா அப்பேர், நெப்போலியனின் போர்க்காலத்தவர். அக்கலை மற்றொரு போரில் ஆங்கிலப் பெண்களின் கைக்கு வந்தது விந்தையே. அவ்வாண்டில் மட்டும் 2,600க்கு மேற்பட்ட நிலையங்களில் 1,631 தொன் பண்டம் பதனிடப்பட்டது.

இனி மனத்தை உறுத்தும் பகுதிக்கு வருவோம். 1941 மார்ச்சிற் பழப்பாகும் பங்கீட்டுக்குள் அடங்கியது. அதன்பின் நிலையத்திற் காய்ச்சிய பாகு யாவும் பொதுக் கையிருப்பாகக் கடைகளுக்குச் சென்றது. ஊதியமின்றி உழைத்த பெண்ணுக்குத் தன் பங்குக்கு மேல் ஒரு போத்தலும் கிடையாது. சில சங்கங்களில் முணுமுணுப்பு எழுந்ததில் வியப்பென்ன? நீதி இன்னதென அறிந்திருந்தும், பிள்ளைகள் வீட்டிற் காத்திருக்கையில் நிறைந்த போத்தல்களை அனுப்பிவைப்பது எளிதன்று. எனினும் பணி நிற்கவில்லை. 1940 முதல் 1945 வரை 5,300 தொன்னுக்கு மேற்பட்ட பழம் அழுகாமற் காக்கப்பட்டது.

வீட்டுக்கெனத் தனியாகக் காய்ச்ச விரும்பினோர், தம் பாகுப் பங்குக்கு மாற்றாகச் சீனி பெறும் காலத்தை எதிர்நோக்கினர். சிலர் தேநீரிற் சீனியைக் குறைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்தனர். போர் முடிந்தும் அவ்விலங்கு உடனே கழலவில்லை. சீனிப் பங்கீடு நீங்கியது 1953 செப்டெம்பரிலேதான். தான் கிளறிய பாகாகவே இருக்கக்கூடிய ஒரு போத்தலை, அப்பெண் கடைக்காரரிடம் பங்கீட்டுப் புத்தகத்தை நீட்டி, விலை கொடுத்து வாங்கிச் சென்ற நாட்களும் இருந்தன.