செஸ்னாவுக்குப் பிறகு எந்த விமானம்?

கணினியில் விமானம் ஓட்டப் பழகுபவர்களில் அநேகர் செஸ்னா 172இல்தான் தொடங்குகின்றனர். ஒற்றை இயந்திரம், மடங்காத சக்கரங்கள், கோணம் மாறாத விசிறி. தரையிறக்கம் கைவந்ததும் அடுத்தது எது என்ற கேள்வி எழும். பலர் நேரடியாகவே போயிங் 737க்கோ எயார்பஸ் ஏ320க்கோ தாவிவிடுகின்றனர். அடுத்த விமானம் இரண்டு மூன்று புதிய விடயங்களை மட்டுமே கற்றுத்தர வேண்டும் என்பது என்னுடைய அளவுகோல். எல்லாமே புதிதாக இருந்தால் தானியங்கியைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கத்தான் பழகுவோம்.

ஆகவே எக்ஸ்-பிளேன் மென்பொருளுடன் சேர்ந்தே வருகின்ற பீச்கிராஃப்ட் பாரன் 58ஐ எடுத்தேன். இரட்டை இயந்திரங்கள், உள்ளே மடங்கும் சக்கரங்கள், கோணம் மாற்றக்கூடிய விசிறிகள். ஓர் இயந்திரம் நின்றால் விமானத்தின் மூக்கு நின்றுபோன பக்கத்துக்கே திரும்பும். மறுபக்கக் கால்மிதியை அழுத்தி நேராக்க வேண்டும். போதிய உயரத்தில் வேண்டுமென்றே ஒன்றை நிறுத்திப் பழகினால் இது விளங்கும்.

போர் விமானங்களும் உண்டு. டி.சி.எஸ் வேர்ல்ட் மென்பொருளில் தரைத் தாக்குதலுக்கென உருவாக்கப்பட்ட சு-25ரி இலவசமாகவே கிடைக்கின்றது. தொழில்நுட்ப ரீதியில் அதில் கற்க நிறைய உண்டு. ஆனால், கிபிர் இரைச்சல் கேட்டு பங்கருக்குள் ஓடிய எனக்கு, திரையில் கீழே தெரியும் கூரைகளை இலக்காகப் பார்க்க மனம் வரவில்லை. அதைப் பழகுபவர்களை நான் குறைசொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கின்றேன்: எந்த விமானமானாலும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சத்தத்துக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறுபவர்கள் எங்களிடையே இருக்கின்றார்கள்.

என் அடுத்த தெரிவு ஏ.ரி.ஆர் 72-600. மைக்ரோசொப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் இது கிடைக்கின்றது. பாரனில் பழகிய இரட்டை இயந்திரம், விசிறி இரண்டும் இதிலும் உண்டு. டர்பைன் இயந்திரமும் கணினித் திரைகளுமே புதியவை. வேகத்தைத் தானாகச் சீர்செய்யும் வசதி இல்லாததால் கை எப்போதும் விசைநெம்பில் இருக்க வேண்டும். தரையில் நிற்கும்போது வலது விசிறிக்குத் தடைபோட்டு, அந்த இயந்திரத்தை மட்டும் ஓடவிட்டு மின்சாரம் பெறுவது இதன் தனித்தன்மை.

இன்னொரு காரணமும் உண்டு. பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட 2019இல், நவம்பர் மாதம் சென்னையிலிருந்து வந்திறங்கிய பயணிகள் விமானமும் ஏ.ரி.ஆர் 72தான். சிமுலேட்டரில் வி.சி.சி.ஜே என்ற குறியீட்டைக் கொடுத்தால் பலாலி வரும். சென்னையில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் ஊர் தெரியும். பாரனில் தரையிறக்கம் சரிவந்தவர்கள் இந்தப் பாதையிலேயே ஏ.ரி.ஆரைத் தொடங்கலாம்.