மெத்தனால்

மெத்தனால் (பெயர்ச்சொல்): ஒரே ஒரு கார்பன் அணு கொண்ட, ஆல்கஹால்களில் மிக எளியது. நிறமற்ற நீர்மம், 64.7 பாகை செல்சியசில் கொதிக்கும்.

1834இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் தூமாவும் பெலிகோவும் கிரேக்கத்தின் ‘மெத்தி’ (மது), ‘ஹூலே’ (மரம்) ஆகியவற்றை இணைத்து ‘மெத்திலீன்’ என்ற சொல்லை உருவாக்கினார்கள். அதிலிருந்து மெத்தில், 1892 ஜெனீவா மாநாட்டின் பெயரிடல் முறையில் மெத்தனால். மரம் பெயரில் வந்தது பொருத்தமே. அன்று மரத்தைக் காற்றுப்படாமல் சூடேற்றி, வரும் ஆவியைக் குளிர்வித்துத்தான் இதை எடுத்தார்கள். 1923இல் ஜெர்மனியில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் வினையூக்கிமேல் செலுத்திப் பேரளவில் ஆக்கத் தொடங்கினர்.

பெயரிலுள்ள மதுவை நம்பவே கூடாது. உடலுக்குள் இது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கும், உயிரையும் பறிக்கும். 2024இல் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தது இது கலந்த சாராயத்தால்தான். குடித்தவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள், மாற்றுமருந்து உண்டு.