செங்கல்பட்டு நீட்டிய கைகள்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்தது, 1928இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனை. காசநோய் நெரிசலான வீட்டையும் பசித்த வயிற்றையும் தேடிப் பிடிக்கும். நம் சேரிகளுக்கு இரண்டையும் கொடுத்தது சாதி.

நோயைத் தடுக்க பிசிஜி ஊசி வந்தது. 1948இல் கிண்டியில் அதற்கான ஆய்வகம் தொடங்கியது. 1955இல் ராஜாஜி அந்த ஊசியை எதிர்த்து எழுதினார். ஊசி உண்மையில் எவ்வளவு காக்கிறது? இதை அறிய 1968இல், தாம்பரமும் அடங்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கிராமங்களில் உலகின் மிகப் பெரிய பிசிஜி ஆய்வு தொடங்கியது. 2.5 லட்சத்துக்கும் அதிகமானோர் கை நீட்டினர். ஒரு பகுதியினருக்கு பிசிஜி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசி. 15 ஆண்டுகள் கண்காணித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை.

அதற்காக ஊசியை மறுக்கக் கூடாது, தோழர்களே. குழந்தைகளை மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து அது காக்கிறது. பிறந்ததும் போட்டுவிட வேண்டும். ஆனால் ஊசியோடு அரசின் கடமை முடியவில்லை. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பங்களுக்குக் கூடுதல் உணவுப்பொருள் கொடுத்தபோது, அங்கே புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40% குறைந்தது என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

செங்கல்பட்டு மக்கள் கை நீட்டி உலகுக்குப் பாடம் தந்தார்கள். நாம் அவர்கள் பிள்ளைகள். ஊசியோடு சேர்த்து, சத்தான சோற்றையும் காற்று வரும் வீட்டையும் உரிமையாகக் கேட்போம்.